பி-ஃபங்க் தொன்மவியல்

பி-ஃபங்க் தொன்மவியல் என்பது அமெரிக்க இசைக்கலைஞர் ஜார்ஜ் கிளின்டனும் (பிறப்பு: ஜூலை 22, 1941) அவருடைய பார்லிமென்ட், ஃபங்கடெலிக் ஆகிய இசைக்குழுக்களும் 1970களில் தம் இசைத்தொகுப்புகள் வழியே படைத்த கற்பனையுலகம் ஆகும். ஃபங்க் இசையைத் தழுவி, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளுக்கு உலகம் அமைக்க விரும்புவோருக்கு இது சிறந்த முன்மாதிரியாகும்.

பின்னணி

ஃபங்க் இசை 1960களில் ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே உருவானது. இதில் மெட்டைவிடத் தாளமே முதன்மை பெறும். நான்கு தட்டுகள் கொண்ட தாளவட்டத்தின் முதல் தட்டு அழுத்தமாக ஒலிக்கும். ஜேம்ஸ் பிரவுன் பரப்பிய இம்முறையை ஃபங்க் கலைஞர்கள் "ஒன்று" என்றே குறிப்பிடுவர்.

கதையும் மாந்தரும்

- மதர்ஷிப் கனெக்‌ஷன் (1975): ஸ்டார்சைல்ட் என்னும் தூதன் விண்கலத்தில் வந்து புவிக்கு ஃபங்கைக் கொணர்கிறான்.
- தி க்ளோன்ஸ் ஆஃப் டாக்டர் ஃபங்கென்ஸ்டைன் (1976): ஃபங்கின் மறைபொருள் எகிப்தியப் பிரமிடுகளில் ஒளித்துவைக்கப்பட்டிருந்ததாகக் கூறுகிறது.
- ஃபங்கென்டெலெக்கி வெர்சஸ் தி பிளாசிபோ சிண்ட்ரோம் (1977): ஆட மறுக்கும் பகைவனான சர் நோஸ் அறிமுகமாகிறான். அவனுக்கு எதிரான கருவி 'பாப் கன்'.
- மோட்டார் பூட்டி அஃபேர் (1978): கதை கடலடியிலுள்ள அட்லாண்டிசுக்கு நகர்கிறது.

முக்கியத்துவம்

அக்கால அறிவியல் புனைவுகளில் கறுப்பின மக்களுக்கு இடம் அரிதாகவே கிடைத்தது. அவர்களை எவரும் எதிர்பாராத இடமான விண்கலத்தில் அமர்த்துவதே தம் நோக்கம் எனக் கிளின்டன் கூறியுள்ளார். 1976 முதல் மேடைகளில் விண்கலம் ஒன்று இறங்கும் காட்சி இடம்பெற்றது. அம்முதற்கலம் பின்னர் கைவிடப்பட்டது. 1990களில் செய்யப்பட்ட மற்றொரு கலத்தை சுமித்சோனியன் நிறுவனம் 2011இல் பெற்றது. அது வாசிங்டனில் 2016இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டு அருங்காட்சியகத்தில் உள்ளது.

விளையாட்டுலகமாக

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. இவ்வகை விளையாட்டுகளில் ஆட்ட நடத்துநர் உலகை விவரிக்க, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகச் செயற்படுவர். செயலின் விளைவைப் பகடை தீர்மானிக்கும். இசையால் ஆற்றல் பெறும் பாணர் பாத்திரம் இவ்விளையாட்டில் 1976இலேயே சேர்க்கப்பட்டது.

ஃபங்க் உலகில் இசை வெறும் பின்னணியன்று. அதுவே அவ்வுலகின் இயற்கை விதி. எனவே மந்திரத்தின் இடத்தைத் தாளம் பெறும். அனைவரும் "ஒன்றில்" இணைந்து செயற்பட்டால் ஆற்றல் பெருகும் என விதி வகுக்கலாம். பகைவனைக் கொல்வது வெற்றியாகாது. சர் நோசின் கதையில் போல, அவனை ஆடவைப்பதே வெற்றியாகும்.

திணை மரபுடன் ஒப்பீடு

நிலத்துக்கு உரிய இசை என்னும் கருத்து தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் கூறும் கருப்பொருள்களுள் தெய்வம், உணவு, தொழில் முதலியவற்றோடு பறையும் யாழும் அடங்கும். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையும், மருதத்துக்கு நெல்லரிகிணையும், நெய்தலுக்கு மீன்கோட்பறையும் உரியன. தாம்பரத்தை உள்ளிட்ட தென்சென்னைப் புறநகரில் திரிசூலக் குன்றுகள், ஏரிகள், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், கோவளம் கடற்கரை ஆகியன அதிகத் தொலைவின்றி அமைந்துள்ளன. இந்நிலப்பரப்பைத் தழுவி உலகம் அமைப்போர், எல்லை கடக்குந்தோறும் தாளமும் அதனோடு விதியும் மாறுமாறு செய்யலாம்.