பழைய பேனாவும் இழந்த உறுப்பும்

சிதைந்த கல்வெட்டின் மறைந்த எழுத்தை அயல் எழுத்துகளைக் கொண்டு அறிவர் ஆராய்ச்சியாளர். பழைய ஊற்றுப் பேனாவைச் செப்பஞ்செய்வோர் பணியும் அத்தகையதே. இழந்த உறுப்பு யாதென்பதை எஞ்சிய உறுப்புகளே கூறும். அவற்றின் மொழியை விளங்கிக்கொள்வதற்கு, பேனா மையை நிரப்பிக்கொண்ட வரலாறு தெரிந்திருத்தல் வேண்டும்.

மை சீராக இறங்கும் பேனாவுக்கு அமெரிக்கராகிய லூயிஸ் வாட்டர்மன் 1884ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். அக்காலப் பேனாவின் உடற்குழாயே அதன் மைக்கூடு. குழாயைத் திருகிக் கழற்றி, சொட்டுக் குழாயினால் மை வார்த்தனர். அத்தகைய பேனாவினுள் இரப்பர்ப் பை காணப்படாவிடின், அது தொலைந்துவிட்டதென எண்ணுதல் தவறு. ஆதியிலேயே அங்கே பை இருந்ததில்லை.

பின்னர் இரப்பர்ப் பை வந்தது. அதனை அழுத்தும் பொறிகளும் வந்தன. ஒகையோ மாநிலத்துக் கொங்க்ளின் நிறுவனத்தின் பேனாவில், பிறை வடிவ உலோகத் தகடொன்று உடலின் பிளவு வழியே வெளியே நிற்கும். அதனடியில் உடலைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. வளையத்தின் வெட்டுவாய் பிறைக்கு நேராக வந்தாலன்றிப் பிறையை அழுத்த முடியாது. பிறை இருந்து வளையம் இல்லையாயின், அந்தப் பேனா சட்டைப் பையிலேயே மையைக் கக்கிவிடக்கூடும்.

1908ஆம் ஆண்டில் அயோவா மாநிலத்து நகை வணிகர் வால்ட்டர் ஷேபர் நெம்புகோல் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். இவ்வகைப் பேனாவில் நெம்புகோல் தளர்ந்து ஆடுமாயின், உள்ளே பையை அழுத்தும் தகடு முறிந்தோ தொலைந்தோ இருத்தல் கூடும்.

1921இல் வெளிவந்த பார்க்கர் டியோபோல்டின் வால்மூடி அகன்றால், அதனுள் மறைந்திருந்த பொத்தான் வெளியே தெரியும். இங்கே புதுமூடியைத் தேடுவோர் நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. முதலில் வந்தவை கடின இரப்பரால் ஆனவை. 1926 முதல் பிளாஸ்டிக் வழக்கிற்கு வந்தது. விரலால் அழுத்தித் தேய்க்கும்போது கந்தக மணம் எழுமாயின் அது கடின இரப்பர். புரி பொருந்தாத மூடியை வலிந்து திருகினால் பழைய உடல் வெடித்துவிடும்.

இரப்பர்ப் பை காலத்தால் இறுகி நொறுங்குவது. அதனை மாற்றுவதால் பேனாவின் வரலாறு கெடுவதில்லை. ஆயின் முள்ளும் மூடியும் கொளுவியும் பேனாவின் காலத்தைக் காட்டும் சான்றுகள். வேறொரு காலத்து உறுப்பைச் சொல்லாமற் பொருத்திவிட்டால், உண்மை கூறிய பேனா பொய்ச்சாட்சி ஆகிவிடும். ஒத்த உறுப்பு கிட்டாதபோது புதிதாகச் செய்து பொருத்துதல் குற்றமன்று. அவ்வாறு பொருத்தியதை ஒரு சிறு தாளில் எழுதிப் பேனாவோடு வைத்தலே நேர்மை. பின்னாளில் அதனைக் கையிலெடுப்பவர் பழையது எது, புதியது எது என ஐயமின்றி அறிவர்.