கரிய இரலையும் அதன் உடைமையாளரும்

ஒரு விலங்கினம் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று கூறும் வாக்கியத்தில் எழுவாய் மறைந்து நிற்கின்றது. எவர், எவருக்காகக் கண்டுபிடித்தனர் என வினவும்போதே விலங்கியற் செய்தி வரலாறாகின்றது. 'சேபிள்' என ஆங்கிலேயர் அழைக்கும் ஆபிரிக்கக் கரிய இரலையை இந்நோக்கிலேயே நாம் அணுகுகின்றோம்.

கிழக்கிந்தியக் கம்பனியின் பம்பாய்ப் படையில் பொறியியல் அதிகாரியாயிருந்த வில்லியம் கோர்ன்வாலிஸ் ஹாரிஸ் நோய் விடுப்பில் நன்னம்பிக்கை முனைக்கு வந்தவர். 1836 டிசெம்பரில், இன்று மகாலிஸ்பேர்க் எனப்படும் மலைப்பகுதியில், இவ்விலங்கைத் துரத்திச் சுட்டு வீழ்த்தினார். தோல் இலண்டனுக்குச் சென்றது. 1838இல் இலத்தீன் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் அவருடைய பயண நூல் பம்பாயில் அச்சேறியது. ஆபிரிக்க வேட்டை நூலொன்று இந்தியத் துறைமுகமொன்றில் வெளிவந்தமை தற்செயலன்று. குடியேற்றவாதத்தின் ஓய்வும் உழைப்பும் ஒரே வலையமைப்புக்குள் இயங்கின.

இவ்விரலையை இனங்காணல் எளிதன்று. முதிர்ந்த ஆண் பளபளக்கும் கருநிறமானது, வயிறு வெண்மை, வெண்ணிற முகத்தில் கரிய பட்டைகள், வளையங்கள் பொருந்திய கொம்புகள் அரிவாள்போற் பின்னோக்கி வளைந்தவை. பெண்ணும் இளம் ஆணும் பெரும்பாலும் செம்பழுப்பு நிறத்தன. எனவே நிறத்தை மட்டும் நம்புவோர் இளம் ஆணைப் பெண்ணென மயங்குவர். நெருங்கிய இனமான 'ரோன்' இரலை உருவிற் பெரியது, சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தது, நீண்ட செவிகளையும் குறுகிய கொம்புகளையும் உடையது. காயமுற்ற கரிய இரலை முழங்காலூன்றிக் கொம்பை வீசும்; வேட்டைநாய்கள் பல இதனால் மடிந்துள்ளன.

இங்கு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. சுவானா மொழியில் இவ்விரு இரலைகளுக்கும் 'க்வலாட்டா' என்பதே பொதுப்பெயர். நிறத்தைக் குறிக்கும் அடைமொழியே இரண்டையும் பிரிக்கின்றது. பேரினம், சிற்றினம் என இலண்டன் அறிஞர் வகுத்த அதே பாகுபாடு அம்மக்களின் நாவில் ஏற்கெனவே இருந்தது. ஆயினும் வேட்டைக்காரர் வழக்கில் அது நெடுங்காலம் 'ஹாரிஸின் மான்' ஆயிற்று.

ஹாரிஸ் வேட்டையாடியது இண்டெபெலே மன்னர் ம்சிலிகாசியின் அனுமதியுடனேயே. அடுத்த ஆண்டு, 1837இல், போயர் குடியேறிகள் அம்மன்னரை லிம்போப்போ ஆற்றுக்கு அப்பால் விரட்டினர். அனுமதி வழங்கும் அதிகாரமும் நிலத்தோடு சேர்ந்து கைமாறிற்று. 1900ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கை ஐரோப்பியரின் துப்பாக்கிக்கு உரிமப்பத்திரத்தையும், ஆபிரிக்கரின் வலைக்கும் பொறிக்குழிக்கும் தடையையும் விதிக்க முற்பட்டது. அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லையெனினும் அதன் வர்க்கச் சார்பு வெளிப்படையானது.

உரோம-டச்சுச் சட்டத்தில் (இலங்கையர் நமக்கும் அது அந்நியமன்று) காட்டு விலங்கு எவருக்கும் உரியதன்று. தென்னாபிரிக்காவின் 1991ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதனை மாற்றியது. போதிய வேலியமைத்து அத்தாட்சிப் பத்திரம் பெற்ற நிலவுடைமையாளரின் விலங்கு, வேலியைக் கடந்தாலும் அவருடைய உடைமையே. அதன்பின் கரிய இரலை பண்ணைகளிற் பெருக்கப்பட்டது. ஏலங்களில் அதன் கொம்பு அங்குலக் கணக்கில் அளக்கப்பட்டு விலை கூறப்பட்டது.