கப்பலுக்குப் பெயரிட்டவள்

ஆங்கிலத்தில் கப்பல் ‘அவள்’. தமிழ் இலக்கணத்தில் அது அஃறிணை. கனெக்டிகட் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் கதையைப் படித்தபோது நம் இலக்கணத்தின் மீது எனக்கு மரியாதை கூடியது.

1904 செப்டம்பர் 29 அன்று நியூயார்க்கில் அந்தக் கப்பலை நீரில் இறக்கினார்கள். பெயர் சூட்டியவர் ஆலிஸ் வெல்ஸ். உள்நாட்டுப் போர்க்காலத்தில் கடற்படைச் செயலராக இருந்த கிடியன் வெல்ஸின் பேத்தி. கடற்படைப் பதிவில் அவருக்கு ஒரு வரி உண்டு. அதற்குப் பிறகு அந்தக் கப்பலின் கதையில் பெண்கள் இல்லை. வெள்ளையடித்த பதினாறு போர்க்கப்பல்கள் 1907இல் உலகைச் சுற்றக் கிளம்பியபோது கனெக்டிகட்தான் தலைமைக் கப்பல். 1908 டிசம்பரில் அது கொழும்பிலும் நின்றது. மலையகத்தில் நம் பெண்கள் கூடை சுமந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம் அது.

1915இல் அது போன இடம் ஹைட்டி. அடிமைகள் போரிட்டு 1804இல் உருவாக்கிய நாடு. அந்த விடுதலைக்காகப் பிரான்ஸுக்கே நட்டஈடு கட்டி நொடித்த நாடு. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையினர் அதன் வங்கியிலிருந்து ஐந்து லட்சம் டாலர் பெறுமான தங்கத்தைப் பட்டப்பகலில் கப்பலேற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அடுத்த ஜூலையில் அரசியல் கைதிகள் சிறையில் கொன்று குவிக்கப்பட்டார்கள். கொதித்த மக்கள் குடியரசுத் தலைவர் சாமைக் கொன்றார்கள். அன்று மாலையே, ஜூலை 28இல், வாஷிங்டன் என்ற கப்பலிலிருந்து படை இறங்கியது. அது போதவில்லை. மூன்று நாள் கழித்து ஃபிலடெல்ஃபியாவில் 433 கடற்படை வீரர்களை ஏற்றிக்கொண்ட கனெக்டிகட், ஆகஸ்ட் 5இல் அவர்களை போர்ட்-ஓ-பிரின்ஸில் கரையிறக்கியது. உயிரையும் உடைமையையும் காக்க வந்ததாகச் சொன்னார்கள். சுங்கச்சாவடிகளைக் கைப்பற்றினார்கள். போக பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

வந்தவர்கள் 433 பேர் என்று தலை எண்ணி எழுதியிருக்கிறார்கள். கரையில் இருந்தவர்களை யார் எண்ணினார்கள்?

ஹைட்டியில் சந்தை பெண்களுடையது. விளைச்சலைத் தலையில் சுமந்து மலையிறங்கி விற்றுவிட்டுத் திரும்புகிறவளை ‘மதாம் சாரா’ என்பார்கள். அது ஒரு பறவையின் பெயர். நம் தூக்கணாங்குருவிக்கு உறவு, ஓயாமல் கத்தும் கூட்டம். உழைக்கும் பெண்ணின் குரல் எந்த ஊரிலும் இரைச்சலாகத்தான் கேட்டிருக்கிறது போலும்! ஆக்கிரமிப்பாளர்கள் பழைய சட்டமொன்றைத் தூசிதட்டி, சாலை போடுவதற்குக் கிராமத்து ஆண்களைக் கயிற்றில் கட்டி இழுத்துப்போனார்கள். தப்பியவர்கள் பலர் மலையேறி, ஷார்லமான் பெரால்ட் தலைமையில் போராடிய காக்கோ படைகளில் சேர்ந்தார்கள். ஆண்கள் நடமாட முடியாத அந்தச் சாலைகளில் சந்தைக்காரிகள் நடந்தார்கள். எந்த ஊரில் எத்தனை துப்பாக்கி, எந்தப் பாதையில் ரோந்து என்ற சேதிகள் அவர்கள் கூடைகளோடு மலையேறின. படையினர் அவர்களைச் சந்தேகித்தார்கள். சந்தேகத்திற்குரியவள் என்ற தகுதியில்தான் ஏடுகளில் அவளுக்கு இடம். பெரால்டுக்குப் பெயர் இருக்கிறது, 1919இல் அவரைக் கொன்று கதவில் கட்டி எடுத்த புகைப்படமும் இருக்கிறது. அவருடைய ஆட்களுக்குச் சோறும் சேதியும் சுமந்தவளுக்கு இரண்டும் இல்லை.

1926இல் எமிலி பால்ச் தலைமையில் அமெரிக்காவிலிருந்து ஒரு சிறு குழு ஹைட்டிக்குப் போனது. பெரும்பாலோர் பெண்கள், கறுப்பினப் பெண்களும் இருந்தார்கள். தங்கள் நாட்டு ஆட்சி அங்கிருந்து விலக வேண்டும் என்று திரும்பிவந்து எழுதினார்கள். 1930இல் விசாரணைக்குழு வந்தபோது ஹைட்டிப் பெண்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள். படைகள் வெளியேறிய 1934இல்தான் அந்நாட்டின் முதல் பெண்ணியச் சங்கமும் பிறந்தது. தொடங்கிய சில மாதங்களிலேயே அதைத் தடைசெய்தவர்கள் அமெரிக்கர்கள் அல்லர், ஹைட்டி அரசுதான். கனெக்டிகட் அதற்குள் பழைய இரும்பாக விலைபோய்ப் பத்தாண்டு ஆகியிருந்தது.