குற்றம் சாட்டப்பட்டவனின் நண்பன்

செங்கோட்டை என்றதும் நம் நெல்லைச் சீமை அன்பர்களுக்குத் தென்காசியை அடுத்த ஊரே முதலில் நினைவுக்கு வரும். நாம் ஈண்டுக் கூறப் புகுவது டில்லிச் செங்கோட்டையை. ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துச் சென்று அதைச் சுற்றிக் காட்டாத தமிழ்க் குடும்பம் தலைநகரின் காலனிகளில் இருத்தல் அரிது. திவானி ஆமைக் காட்டுகிறோம். 1945ஆம் ஆண்டில் அம்மதிலுக்குள் இராணுவ நீதிமன்றம் கூடிய வரலாற்றையும் சொல்லுகிறோம். ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் என்னும் மூவர் பெயரையும் குழந்தைகள்கூட அறிவர். ஆனால், இராணுவ நீதிமன்றத்தின் முன் நிற்கும் ஒருவனுக்குப் பக்கத்தில் துணையாக அமரும் உரிமை யாருக்கு உண்டு, அத்துணையின்றி அவன் கதி யாதாகும் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

அவ்வழக்கு 1945 நவம்பர் 5ஆம் நாள் தொடங்கிற்று. தீர்ப்புக் கூற அமர்ந்தோர் எழுவர். நால்வர் ஆங்கிலேயர், மூவர் இந்தியர். எழுவரும் படை அதிகாரிகளே. சட்டம் இன்னதென எடுத்துரைக்க ஜட்ஜ் அட்வகேட் ஒருவர் இருந்தார். தீர்ப்பில் அவருக்கு வாக்கு இல்லை. மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தது, கொலை, கொலைக்கு உடந்தை என்பன குற்றச்சாட்டுக்கள். அரசின் சார்பில் அட்வகேட் ஜெனரல் என். பி. எஞ்சினீர் வாதித்தார். எதிர்த்தரப்பில் பூலாபாய் தேசாய் தலைமை தாங்க, தேஜ் பகதூர் சப்ரு, ஆசப் அலி, கைலாசநாத் கட்ஜு முதலியோர் உடனிருந்தனர். நேருவும் நெடுநாள் கழித்துப் பாரிஸ்டர் அங்கியை அணிந்து வந்து அமர்ந்தார்.

நீதிமன்றப் பேச்சைவிட அதற்கு முந்திய உழைப்பே வழக்கின் உயிர்நாடி என்பது நம் கருத்து. சாட்சிகளைத் தேடிக் கொணர்தல், ஆவணங்களை நாள்வாரியாக அடுக்குதல், எதிரியின் சாட்சி எதை ஒப்புக்கொள்வான் எனக் கணித்தல் ஆகிய இவற்றுக்கெல்லாம் நாள் வேண்டும். அந்நாளைப் பெறுவதே எதிர்த்தரப்பின் முதல் வேலையாயிற்று. முதற் சாட்சி முதல் விசாரணையில் சொல்லி முடித்ததும் வழக்கு நவம்பர் 21 வரை ஒத்திவைக்கப்பட்டது. அச்சாட்சி டி. சி. நாக் என்பவர், சட்டம் பயின்றவர், இந்திய தேசிய ராணுவத்துக்கெனத் தனிச் சட்டம் வகுத்ததில் பங்கு கொண்டவர். அவரை வைத்தே, தனிச் சட்டமும் ஒழுங்குமுறையும் உடைய முறையான படை அது என்பதை எதிர்த்தரப்பு பதிவு செய்துகொண்டது. அரசே கொணர்ந்த சாட்சி அன்றோ! ஜப்பானிய அதிகாரிகள் டில்லிக்கு வரவழைக்கப்பட்டனர். நம் தமிழர் இருவரும் எதிர்த்தரப்புச் சாட்சிகளாயினர்: சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் பிரசார அமைச்சராயிருந்த எஸ். ஏ. ஐயர் ஒருவர், அந்தமானுக்குப் பிரதம கமிஷனராக அனுப்பப்பட்ட மருத்துவர் லோகநாதன் மற்றொருவர்.

இவ்வளவின் பின்னரே பூலாபாய் எழுந்தார். வயது 68; உடல் நலிந்திருந்தது. இரண்டு நாட்கள் வாதித்தார். போர் தொடுத்த குற்றம் மூவர் மீதும் மெய்ப்பிக்கப்பட்டதாகவே நீதிமன்றம் கண்டது. ஆயுள் முழுதும் தீவாந்தர சிட்சை விதித்தது. 1946 ஜனவரி 3ஆம் நாள் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அச்சிட்சையை நீக்கி, பதவி பறிப்பையும் சம்பளப் பாக்கி இழப்பையும் மட்டும் நிறுத்திக்கொண்டார். நாடே கொதித்திருந்த நேரம் அது. அதே ஆண்டு மே மாதத்தில் பூலாபாய் காலமானார்.

நாடே துணை நின்ற வழக்கு இங்ஙனம். பெயர் அறியாச் சிப்பாயின் வழக்கு எங்ஙனம்?

1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டமும் 1954ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு விடை கூறுகின்றன. பெரிய இராணுவ நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவன் வக்கீலை அமர்த்திக்கொள்ளலாம். தனக்காக வாதாடப் படை அதிகாரி ஒருவரைப் பெறலாம். இவரன்றி, ‘குற்றம் சாட்டப்பட்டவனின் நண்பன்’ என்று ஒருவரையும் விதிகள் குறிப்பிடுகின்றன. சட்ட நூலில் இத்துணை அழகிய பெயர் அமைந்தது வியப்பே! அந்நண்பன் எவராகவும் இருக்கலாம், பட்டம் வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் ஆலோசனை கூறலாம். சாட்சியிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் காதோடு சொல்லலாம். தாமே எழுந்து கேட்கவோ நீதிமன்றத்தை நோக்கிப் பேசவோ கூடாது.

சம்மரி கோர்ட் மார்ஷல் எனப்படும் சுருக்க நீதிமன்றத்திலோ, வக்கீலே வந்து உதவினும் அவரும் இந்நண்பனைப் போல வாய்மூடி இருக்கவேண்டியவரே. அங்கே படைப்பிரிவின் தலைமை அதிகாரி ஒருவரே நீதிமன்றம். உடன் அமரும் இருவர்க்குத் தீர்ப்பில் பங்கில்லை. லெப்டினன்ட் கர்னலும் அதற்கு மேற்பட்டவரும் ஓராண்டுவரை சிறை விதிக்கலாம், பணியிலிருந்தும் நீக்கலாம். பிழைப்பும் ஓய்வூதியமும் ஒரு பகற்பொழுதில் போய்விடக்கூடும்.

1985ஆம் ஆண்டு சிக்னல் படைவீரர் ஒருவர்க்கு நேர்ந்ததைப் பாருங்கள். தம் அதிகாரியைப் பற்றி மேலிடத்துக்கு முறையிட்டமைக்காகத் தண்டனை பெற்றிருந்தார். அந்நிலையில் உணவு உண்ணுமாறு இட்ட கட்டளைக்கு இணங்கவில்லை என்று விசாரிக்கப்பட்டார். முறையீட்டுக்கு ஆளான அதிகாரியே விசாரணையில் அமர்ந்தார்! ஓராண்டுச் சிறையும் பணி நீக்கமும் விதிக்கப்பட்டன. 1987இல் உச்ச நீதிமன்றம் அதை அடியோடு தள்ளிற்று: விசாரிப்பவர் பேரில் ஆட்சேபம் உண்டா என்று அவரைக் கேட்கவே இல்லை, நடுநிலை இல்லை, தண்டனையோ குற்றத்துக்குப் பொருத்தமில்லை. அவரை மீண்டும் பணியில் அமர்த்த உத்தரவாயிற்று. பக்கத்தில் விவரம் அறிந்த ஒருவர் இருந்து, ‘ஆட்சேபம் உண்டென்று சொல்’ என அன்றே காதில் ஓதியிருந்தால் எவ்வளவு மிச்சமாயிருக்கும்!

இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்மேல் ஒருமுறையேனும் அப்பீல் இல்லாமை பெருங்குறை என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியிருந்தது. 2007இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் இயற்றப்பட்டு, 2009இல் தீர்ப்பாயம் செயற்படத் தொடங்கிற்று. சென்னையிலும் ஒரு கிளை உண்டு. சுருக்க நீதிமன்றம் விதித்ததாயின், பணி நீக்கமோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையோ இருந்தால்தான் அங்கே வழக்குக் கொண்டுசெல்ல இயலும்.

அப்பீலுக்குப் போகும் காகிதம் எதுவாயினும் அதன் வேர், விசாரணைக்கு முன் எழுதப்படும் சாட்சியச் சுருக்கத்தில் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் எழுதப்படவேண்டும் என்பது விதி. ஆங்கிலம் அறியாத வீரர்க்கு அவர் அறிந்த மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும் என்பதும் விதியே. நம் திருநெல்வேலிப் பிள்ளையோ தருமபுரிப் பிள்ளையோ காஷ்மீர எல்லையில் அவ்விதம் நிற்க நேர்ந்தால், பெயர்ப்பவர் சொல்வது தமிழா, அரைகுறை இந்தியா என்பதைக் கேட்டு, ‘நான் சொன்னது இது அன்று’ என்று கையெழுத்துக்கு முன்பே திருத்தச் சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு என்பதை யாரேனும் முன்கூட்டி எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். விசாரணைக்கு வரும் நாளில், குற்றச்சாட்டைத் தெரிவித்ததற்கும் வழக்குத் தொடங்குவதற்கும் இடையே பெரிய நீதிமன்றங்களில் 96 மணி நேரம் விடவேண்டும். போர்ப்பணியில் இருப்பின் 24 மணி நேரம். நண்பனைத் தேடிக்கொள்ள அவனுக்கு உறுதியாகக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவே.