கற்பிட்டி: காட்சி முனையும் காவல் முனையும்

கற்பிட்டிக் குடாநாட்டைக் காணச் செல்லும் உல்லாசப் பயணிகளுக்கென அச்சிடப்படும் பிரசுரங்கள் ஏறக்குறைய ஒரே பட்டியலையே ஒப்புவிக்கின்றன: ஒல்லாந்தர் கோட்டை மதில், ஆலங்குடா, கந்தக்குழிக் கடற்கரைகள், தலவில் தேவாலய முன்றல், வடக்கே வில்பத்துக் காட்டோரத்துக் குதிரைமலை முனை. இவை அழகிய இடங்கள்தாம்; அதனை மறுப்பது வீண் பிடிவாதம். ஆயின், இம்மேடுகளில் முதன்முதலில் ஏறி நின்றோர் எதனைப் பார்க்க நின்றனர் என்னும் வினாவை அப்பிரசுரங்கள் எழுப்புவதில்லை.

புத்தளம் கடனீரேரிக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே, அலையும் பருவக்காற்றும் குவித்த மணல் நாக்கே இக்குடாநாடு. மலையே இல்லாத இடத்தில் பத்தடி மேடும் ஒரு பதவிதான். அப்பதவியை வகித்தோர் இயற்கையை இரசிக்க நின்றவர் அல்லர்.

குதிரைமலையை எடுத்துக்கொள்வோம். செம்பு நிறமான மண்சரிவு நேரே கடலில் இறங்கும் அம்முனையில் அல்லிராணியின் அரண்மனை இருந்ததாக மக்கள் கதை கூறும். உரோம ஆசிரியர் பிளினி கூறுவது வேறு. குளோடியஸ் மன்னன் காலத்தில் (கி.பி. 41-54) செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளொக்காமஸ் என்பவனின் ஆள் ஒருவன், விடுதலை பெற்ற அடிமை, காற்றில் அள்ளுண்டு இலங்கையில் 'ஹிப்புறி' என்ற துறையை அடைந்தானாம். கிரேக்க மொழியில் 'ஹிப்போஸ்' குதிரையைக் குறிப்பதால் அத்துறை குதிரைமலையே என ஆய்வாளர் சிலர் கொள்வர். இது ஊகமே. ஆயினும் இக்கரையோடு இணைத்துப் பேசப்படும் மிகப் பழைய அயல்நாட்டுச் செய்தி ஒரு வரிக் குத்தகைக்காரனின் கையாள் கொண்டுபோன செய்தி என்பது கவனிக்கத்தக்கது. அதற்கு அண்மையிலுள்ள பொம்பரிப்பில் அகழ்ந்தெடுக்கப்பட்ட தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்திருக்கின்றன. அரண்மனைக் கதைக்கு இருக்கும் விளம்பரம் அத்தாழிகளில் துயிலும் பெயரற்ற மனிதருக்கு இல்லை!

1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பர். கரையெங்கும் ஒதுங்கிக் கிடந்த கறுவா மரங்களையும் ஆரியச்சக்கரவர்த்தியிடம் குவிந்திருந்த முத்துகளையும் அவர் எழுதிவைத்தார். முத்துக் குளித்தோரின் மூச்சு எத்துணை நீளம் என்பதை அரச சபையில் எவரும் அளக்கவில்லை.

கோட்டையின் கதை இன்னும் தெளிவானது. போர்த்துக்கேயர் வசமிருந்த கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1667 முதல் 1676 வரை இக்கோட்டையைக் கட்டினர். மதிலுக்குப் பவளக் கல்லும் சுண்ணக் கல்லும் பயன்பட்டன. கடலழகைக் காண்பதே நோக்கமாயின், கோட்டை பெருங்கடலை நோக்கி நின்றிருக்க வேண்டும். அது நிற்பதோ கடனீரேரியின் கரையில். காரணம் எளிது. கண்டி அரசு வெளியுலகோடு வாணிபம் செய்த வாயில்களுள் புத்தளம் முதன்மையானது. பாக்கு அவ்வழியே வெளியேறிற்று. துணி உள்ளே வந்தது. புத்தளத்துக்குப் போகும் தோணி எதுவும் கடனீரேரியின் வடவாயில் வழியாகக் கோட்டையின் கண்முன்னேதான் போகவேண்டும். அந்த மதில் ஒரு சுங்கச் சாவடியின் கண். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கண்டி மன்னன் கரையோரம் முழுவதையும் இழந்தான். தன் குடிகள் உப்பு எடுப்பதற்கும் ஒல்லாந்தரின் அனுமதியைப் பெறும் நிலைக்கு வந்தான். உப்பில்லாத மலைநாட்டை வாள் எடுக்காமலே மண்டியிட வைக்கலாம் என்பதைக் கும்பனி நன்கு அறிந்திருந்தது. 1795இல் கோட்டை பிரித்தானியர் கைக்கு மாறிற்று.

இதே கற்பிட்டியில்தான் 1807இல் சைமன் காசிச்செட்டி பிறந்தார். 1834இல் இலங்கை அகராதி நூலையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவர். ஆட்சியாளரின் மொழியில், ஆட்சிக்குப் பயன்படும் வடிவில் எழுதினாரெனக் குறை கூறுவோருண்டு. எனினும் கோட்டை மதிலிலிருந்து பார்த்தவர்களுக்கு வெறும் சரக்காகத் தெரிந்த ஊர்களைப் பெயரும் குடியும் தொழிலும் உள்ள ஊர்களாகப் பதிவு செய்தவர், அவ்வூரில் பிறந்த ஒருவரே.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தவர்க்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட அம்மக்களுட் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில், குறிப்பாக இந்தக் குடாநாட்டு மணலில், ஓலைக் குடிசை கட்டினர். விடுதலை என்ற சொல்லை உச்சரித்துக்கொண்டே செய்யப்பட்ட இக்கொடுமையைத் தமிழ் வாசகர் வசதியாக மறந்துவிடலாகாது. மணலுக்கடியில் மெல்லிய படலமாய் மிதக்கும் நன்னீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவித்த தோட்டங்களில் அகதிகள் நாட்கூலிகளாயினர். தண்ணீர், நிலம், கூலி மூன்றும் நெருக்குண்டன. முன்பே அங்கு வாழ்ந்த ஏழைக்கும் வந்து சேர்ந்த ஏழைக்கும் இடையே கசப்பு வளர்ந்தது. அவர்கள் வாழ்ந்த முகாம்கள் எந்தக் காட்சிப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் முதற்பிரிவு 2011இலும் மற்ற இரண்டும் 2014இலும் இயங்கத் தொடங்கின. மொத்தம் 900 மெகாவாற்று. தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் தமிழரும் சிங்களவரும் வந்து மணலில் கூடாரம் அடிப்பர். அத்தலத்தின் அருகே நிலக்கரியா என்று மீனவரும் குருமாரும் நெடுங்காலம் எதிர்த்தனர். நாட்டுக்கு மின்சாரம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் சாம்பல் யார் கூரையில் விழுவது என்பதைத் தீர்மானித்தோர் அங்கு வாழ்பவர் அல்லர்.

அடுத்து வந்தது உல்லாசத் துறை. கடனீரேரியின் 14 தீவுகளை உள்ளடக்கிய பெருந்திட்டம் ஒன்றை அரசு வகுத்தது. தம் வாடிகளும் இறங்குதுறைகளும் பறிபோவதாகவும், கரைக்குச் செல்லும் பழைய வழிகள் வேலியால் அடைக்கப்படுவதாகவும் மீனவர் முறையிட்டனர். கரைவலை இழுப்பதற்குக் கடல் மட்டும் போதாது. வலையின் இரு தலைப்புக் கயிறுகளையும் ஒரே தாளத்தில் இழுத்தவாறு இரு வரிசை மனிதர் பின்னோக்கி நடப்பர். அவர்கள் காலூன்றி நகர்வதற்கு நீண்ட வெறுமணல் வேண்டும். பிரசுரங்கள் 'ஆளரவமற்ற கடற்கரை' என்று போற்றுவது அந்த மணலைத்தான்.