பென்னைன் வழியும் ஸ்பைன் ஓட்டமும்

ஸ்பைன் ஓட்டம் என்பது வடக்கு இங்கிலாந்தில் ஜனவரி மாதத்தில் நடைபெறும் நெடுந்தொலைவு மலைப்பாதை ஓட்டப் போட்டியாகும். ஈடேல் என்னும் சிற்றூரில் தொடங்கி, இங்கிலாந்தின் முதுகெலும்பு என்றழைக்கப்படும் பென்னைன் மலைத்தொடர் வழியாகச் சென்று, ஸ்காட்லாந்தின் கிர்க் யெத்தோம் ஊரில் முடிகிறது. தொலைவு 268 மைல் (சுமார் 430 கி.மீ.), கெடு 168 மணி நேரம். போட்டி நடைபெறும் பாதையின் பெயர் பென்னைன் வழி. இப்பாதையின் தென்பகுதியிலுள்ள மேட்டுநிலங்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தன.

மூடப்பட்ட நிலங்கள்

பென்னைன் மேட்டுநிலங்கள் மரங்களற்றவை. ஹெதர் புதர்களும் கோரைகளும், அவற்றுக்கடியில் பீட் எனப்படும் கரிய மட்கு மண்ணும் நிறைந்தவை. ஊரார் ஆடு மேய்த்த பொதுநிலங்கள் பல, 18, 19ஆம் நூற்றாண்டுகளின் வேலியடைப்புச் சட்டங்களால் தனியாருக்குச் சென்றன. அவற்றின் உரிமையாளர்கள் கிரவுஸ் என்னும் கௌதாரி இனப் பறவையை வேட்டையாடுவதற்காக அந்நிலங்களைக் காவலர்களை வைத்துப் பாதுகாத்தனர்.

மற்றொரு காரணம் குடிநீர். தொழிற்புரட்சியால் பெருகிய மான்செஸ்டர் நகருக்காக, பொறியாளர் ஜான் பிரெடரிக் பேட்மன் 1848 முதல் லாங்டெண்டேல் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கங்களை வரிசையாகக் கட்டினார். பிற நகரங்களும் இவ்வழியைப் பின்பற்றின. மனிதர் நடமாட்டத்தால் நீர் மாசுபடும் என்று கூறி, நீர் வாரியங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் நடப்போரைத் தடுத்தன. அந்த நீரைக் குடித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு, அது ஊறிவரும் மலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் உரிமை இல்லை.

கிண்டர் ஸ்கௌட் நுழைவு

1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞரின் தலைமையில் சில நூறு பேர் ஹேஃபீல்டு ஊரிலிருந்து புறப்பட்டு, கிண்டர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஓடை வழியாக மலைமேல் ஏறினர். வேட்டைக் காவலர்களுடன் கைகலப்பு ஏற்பட்டது. தனியார் நிலத்தில் நுழைவது அன்று குற்றவியல் குற்றமல்ல என்பதால், கலகக் கூட்டம், தாக்குதல் ஆகிய குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ராத்மன் உட்பட ஐவருக்கு 2 முதல் 6 மாதங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இத்தண்டனை, நுழைவை ஏற்காதவர்களிடையேயும் அனுதாபத்தை உண்டாக்கியது.

பாதையின் பிறப்பு

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை போன்ற ஒன்று இங்கிலாந்துக்கும் வேண்டும் என்று இதழாளர் டாம் ஸ்டீபன்சன் 1935இல் 'டெய்லி ஹெரால்டு' நாளேட்டில் எழுதினார். நிலவுடைமையாளர்களும் நீர் வாரியங்களும் எதிர்த்தனர். 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டம் நெடும்பாதைகளுக்கு வழிவகுத்தது. கிண்டர் நுழைவு நடந்து சரியாக 33 ஆண்டுகளுக்குப் பின், 1965 ஏப்ரல் 24 அன்று பென்னைன் வழி திறக்கப்பட்டது. எனினும் பாதையை விட்டு விலகித் திறந்த மேட்டுநிலத்தில் நடக்கும் பொது உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது.

பாதை புகழடைந்ததும் புதிய சிக்கல் எழுந்தது. ஆயிரக்கணக்கானோரின் காலடி பட்டு, ஆலைப்புகையால் ஏற்கெனவே நலிந்திருந்த பீட் மண் சேறாகியது. அரிக்கப்படும் பீட் நீர்த்தேக்கங்களில் கலந்து நீரின் நிறத்தையும் மாற்றும். எனவே இடிக்கப்பட்ட பஞ்சாலைகளின் தரைக் கற்பலகைகள் கொண்டுவரப்பட்டுச் சதுப்பின்மேல் பாவப்பட்டன. தொழிலாளர்கள் நின்று உழைத்த கற்களே இன்று பாதையாகக் கிடக்கின்றன.

ஸ்பைன் ஓட்டம்

போட்டி 2012இல் தொடங்கியது. ஜனவரியில் அங்கு ஒரு நாளின் மூன்றில் இரு பங்கு இருட்டாகவே இருக்கும். போட்டியாளர்கள் உறக்கப்பை, அடுப்பு உள்ளிட்டவற்றைச் சுமந்து ஓட வேண்டும். முதல் நாளிலேயே கிண்டர் விளிம்பு, டார்சைடு நீர்த்தேக்கத்தின் அணை, பிளாக் ஹில் சதுப்பு ஆகியவற்றைக் கடக்கின்றனர். வடக்கே 893 மீட்டர் உயரமுள்ள கிராஸ் ஃபெல் கடுங்காற்றுக்குப் பெயர்பெற்றது. உறக்கமின்மையும் குளிரும் பலரைப் பாதியிலேயே விலகச் செய்கின்றன.

2019இல் ஜாஸ்மின் பாரிஸ் 83 மணி 12 நிமிடம் 23 நொடிகளில் ஓடி முடித்து, ஆண்களையும் முந்தி ஒட்டுமொத்த வெற்றி பெற்ற முதல் பெண்ணானார். முந்தைய சாதனையை அவர் 12 மணி நேரம் குறைத்தார். கைக்குழந்தையின் தாயான அவர், வழியிலிருந்த நிலையங்களில் தாய்ப்பாலைக் கறந்து வைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். அவர் முதல் நாளில் கடந்த கிண்டர் மேட்டில் கால்வைக்கச் சென்றவர்கள்தாம் 87 ஆண்டுகளுக்கு முன் சிறை சென்றனர்.