போதை மரணங்கள்: எந்த ஊர்க் கணக்கு?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் எனப் பல மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரே இரவில் பலர் விழுந்ததால் ஊர் அறிந்தது. மாதத்திற்கு ஒருவராக இறந்திருந்தால்? நான்கு ஊர்ப் பதிவேடுகளில் சிதறிப் போயிருக்கும். வீட்டு முகவரிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் கருணாபுரம் கண்ணில் படும்.

வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களின் மரணம் பெரும்பாலும் இப்படித்தான், ஒவ்வொன்றாக நிகழ்கிறது. கோவில்பட்டிக்குத் தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள இடைசெவலை உதாரணத்திற்கு எடுத்துக்கொள்வோம் (அங்கே இப்படி நடந்தது என்று சொல்லவில்லை). மயங்கி விழுந்தவரை 108 வண்டி கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகும். நிலைமை மோசமானால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கோ தூத்துக்குடிக்கோ அனுப்புவார்கள். அங்கே உயிர் பிரிந்தால் மரணம் அந்த ஊரில்தான் பதிவாகும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நிகழ்ந்த இடத்தையே கணக்கில் கொள்கிறது. காவல்துறை சந்தேக மரணமாக வழக்குப் பதியும். உள்ளுறுப்பு மாதிரிகளின் ஆய்வறிக்கை வரும்வரை காரணம் தெரியாது. அறிக்கை வந்த பிறகும் அது வழக்குக் கோப்பில் இருக்கும். சுகாதாரத் துறையின் கையில் இருப்பது வேறொரு தாள்.

பிடிபட்ட கிலோக் கணக்கை வைத்து ஊரை எடைபோடுவது பெரிய தவறு. தூத்துக்குடிக் கடற்கரையில் சிக்கும் சரக்கில் பெரும்பகுதி இலங்கைக்குப் போகவிருந்தது. உள்ளூரில் யார் எதை உட்கொள்கிறார்கள் என்பதை அது காட்டாது. 2019-இல் வெளியான எய்ம்ஸின் தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் ஓபியாய்டு வகைப் போதையைப் பயன்படுத்துவதாக மதிப்பிட்டது. அது மாநில அளவோடு நின்றுவிடுகிறது, தாலுகாவுக்கு இறங்குவதில்லை.

அமெரிக்காவில் 2017 முதல் 'ஓடிமேப்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆம்புலன்ஸ் ஊழியரோ காவலரோ சம்பவம் நடந்த இடத்தை உடனே வரைபடத்தில் குறிக்கிறார். ஒரு பகுதியில் புள்ளிகள் திடீரெனக் கூடினால் மருத்துவமனைகள் உஷாராகின்றன. நம்மிடமும் 108-இன் அழைப்புப் பதிவு உண்டு. அதோடு மருத்துவமனைப் பதிவேட்டின் முகவரியும் ஆய்வறிக்கை சொல்லும் பொருளின் பெயரும் சேர வேண்டும். பொருளின் பெயர் முக்கியம். ஓபியாய்டு மிகையானால் நலோக்சோன் ஊசி உயிர் காக்கும். மெத்தனாலுக்கு அது பயன்படாது. அதற்கு மாற்று மருந்தும் டயாலிசிஸும் வேண்டும். கோவில்பட்டியில் எந்த மருந்தை இருப்பு வைப்பது என்பதை இந்தக் கணக்குதான் சொல்ல முடியும்.

மையத்து அடக்கப் பதிவு வைத்திருக்கும் ஜமாஅத்துகள் இதில் உதவலாம். அதில் எழுதப்படுவது மஹல்லா, மருத்துவமனை இருக்கும் ஊர் அல்ல. ஆனால் பெயரை வெளியே கொடுக்கக் கூடாது. சிற்றூரில் 'ஒருவர், வயது 22' என்று போட்டாலே வீடு தெரிந்துவிடும். எனவே வெளியிடும்போது தாலுகா அளவில், ஆண்டு வாரியாகவே தர வேண்டும்.